வளைவில் தோற்கும் நகல்: மிங் காலச் செம்மர நாற்காலி ஒன்றைத் திரும்பச் செய்வது

ஷாங்காய் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் ஒரு நாற்காலி இருக்கிறது. இருக்கையின் முன்பக்க அகலம் 75.8 செ.மீ., பின்பக்க அகலம் 61, ஆழம் 60.5. தரையிலிருந்து இருக்கை 51.8, மொத்த உயரம் 108.5. சீனாவின் மிங் அரச வம்சக் காலத்தது. சீனர்கள் ஸிதான் என்று சொல்லும் மரத்தில் செய்தது. நமக்கு அது செம்மரம். ‘தெற்கத்தி அதிகாரித் தொப்பி’ என்ற வகையைச் சேர்ந்தது. அந்த வகையில் முதுகின் தலைக்கட்டையும் கைப்பிடிகளும் தூண்களைத் தாண்டி வெளியே நீட்டாது. வளைந்து இறங்கித் தூண்களின் தலையிலேயே உட்கார்ந்துவிடும். இருக்கை சதுரமாக இல்லாமல் முன்னே விரிந்திருப்பதால் விசிறி வடிவ நாற்காலி என்றும் பெயர்.

பழைய மரச்சாமான்களை நகலெடுக்கும் சீனப் பட்டறைகளில் அதிகம் செய்யப்படும் வடிவங்களில் இதுவும் ஒன்று. அசலின் அளவுகள் அச்சில் இருக்கின்றன. மரம் இன்னதென்று தெரியும். இணைப்பு முறைகளைத் தெரிந்த தச்சர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் சந்தையில் கிடைக்கும் நகல்களில் பெரும்பாலானவற்றை அசலின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஏதோ ஒன்று இடிக்கிறது. சிலது விறைப்பாக நிற்கும், சிலது கொழுத்துத் தெரியும். ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மரத்தின் விலை வளைவைத் தின்றுவிடுகிறது. இணைப்பு, மெருகு, பழமைச் சாயல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நாற்காலியும் அதை அளந்தவர்களும்

இது தனி நாற்காலியாகச் செய்யப்பட்டதல்ல, நான்கு கொண்ட தொகுதி. இருக்கையின் முன்சட்டம் லேசாக முன்னே புடைத்திருக்கும். முதுகின் தலைக்கட்டை அதற்கு நேரெதிராகப் பின்னே புடைத்திருக்கும். மேலிருந்து பார்த்தால் இரண்டு வளைவுகளும் எதிரெதிர்த் திசையில் விலகிப் போவது தெரியும். கால்கள் கீழே போகப்போக வெளியே சாய்கின்றன. உடம்பு முழுக்க உருண்ட வழவழப்பான பரப்புதான். சட்டங்களில் ஒரு கோடுகூட இழைக்கவில்லை. அலங்காரம் என்று பார்த்தால் முதுகுப் பலகையில் வட்டத்துக்குள் அடங்கிய ஒரு பியோனிப் பூச்செதுக்கு மட்டுமே. கால்களை இணைக்கும் கீழ்ச்சட்டங்களின் நாக்குகள் (துளையில் செருகும் முனைகள்) கால்களைத் துளைத்து மறுபக்கம் கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கின்றன. மிங் பாணிச் சாமான்களில் இது அபூர்வம், பழைய கைமுறையின் அடையாளம் என்று கருதப்படுகிறது.

இவ்வளவும் நமக்குத் தெரிய வந்தது வாங் ஷிஷியாங் (1914–2009) என்ற அறிஞரால். இந்த நாற்காலி அவர் சேகரித்தது. 1976 நிலநடுக்கத்தில் பெய்ஜிங் வீடு சேதமானபோது, தான் சேர்த்த பெரிய அலமாரிக்குள்ளேயே படுத்துத் தூங்கியவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. 1985-இல் ஹாங்காங்கில் வெளிவந்த அவருடைய படத்தொகுப்புதான் சீன மரச்சாமான்களை உலகச் சந்தைக்கு அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பே, 1944-இல், குஸ்டாவ் எக்கெ என்ற ஜெர்மானியர் யாங் யாவ் வரைந்த அளவு வரைபடங்களோடு ஒரு தொகுப்பு வெளியிட்டிருந்தார். ஆனால் சந்தையை உலுக்கியது வாங்தான். அவருடைய நூல்களுக்கான கோட்டோவியங்களை வரைந்தவர் மனைவி யுவான் சுவான்யோ. 1993-இல் அவருடைய 79 சாமான்கள் ஹாங்காங்கைச் சேர்ந்த ஒருவர் வழியாக ஷாங்காய் அருங்காட்சியகத்துக்குப் போயின. இந்த நாற்காலியும் அவற்றோடு போனது.

மிங் மரச்சாமான்களை மதிப்பிட வாங் 16 நற்குணங்களும் 8 குறைகளும் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதில் கனமும் கம்பீரமும் சேர்ந்த குணத்துக்கு எடுத்துக்காட்டு இந்த விசிறி நாற்காலிதான். நகல் செய்கிறவர்களைக் கெடுத்ததில் இந்தச் சான்றிதழுக்கும் பங்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பீரம் என்றதும் பலர் சட்டங்களைத் தடியாக்கிவிடுகிறார்கள். அசலில் கம்பீரம் வருவது அகலத்திலிருந்தும் கால் சாய்விலிருந்தும்தான். 75.8 செ.மீ. என்பது சாதாரண நாற்காலியின் அகலமே இல்லை. இரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்துவிடலாம்.

எடைக்கு விற்கும் மரம்

செம்மரத்தின் தாவரப் பெயர் டெரோகார்பஸ் சான்டலினஸ். சீனாவின் ‘ஹோங்மு’ (விலையுயர்ந்த கடின மரங்கள்) தேசியத் தரநிலை 2000-இல் வந்தபோது 33 மர இனங்களை ஏற்றது. 2017 திருத்தத்தில் அது 29 ஆனது. இரண்டிலும் ஸிதான் பிரிவில் இருப்பது இந்த ஒரே இனம்தான். காற்றில் காய்ந்த நிலையிலும் ஒரு கன சென்டிமீட்டர் 1 கிராமுக்கு மேல் எடை இருக்கும், அதாவது தண்ணீரில் போட்டால் மூழ்கும். அறுத்த புதிதில் ஆரஞ்சுச் சிவப்பு. காற்றும் வெளிச்சமும் பட்டு வருஷங்கள் போகப்போகக் கருஞ்சிவப்பாகி, கடைசியில் ஏறக்குறைய கறுப்பு. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் பஞ்சு சிவக்கும்.

நகல் செய்கிறவருக்கு நிறத்தைவிட முக்கியமான செய்தி வேறு. செம்மரம் மெல்ல வளரும், பருக்காது; பருத்தவை பல நடுவில் பொந்தாக இருக்கும். பத்து ஸிதானில் ஒன்பது பொந்து என்று சீனத் தச்சர்கள் சொல்வார்கள். வெளியே வெளிர்நிற வெள்ளைப் பாகத்தையும் செதுக்கித் தள்ள வேண்டும். வைரம் பாய்ந்த பாகத்தில் பொந்தையும் வெடிப்பையும் கழித்தால் நீளமான, அகலமான, குறையில்லாத பலகை கிடைப்பது பெரும்பாடு.

அப்புறம் விலை. இந்த மரம் எடைக்கு விற்கிறது. எடைக்கு வாங்கிய மரத்தைத் தச்சர் எடை போட்டே பார்ப்பார். வாங்குகிறவரும் எத்தனை கிலோ செம்மரம் இதில் இருக்கிறது என்றுதான் கேட்பார். நாற்காலி என்பது மரத்தைச் சேமித்து வைக்கும் ஒரு வடிவமாகிவிடுகிறது. சீனாவில் ஹோங்மு விலை ஏறிய வருஷங்களில் பலர் அப்படித்தான் வாங்கினார்கள். உட்காரவே இல்லை.

போலி மரமும் இங்கேதான் நுழைகிறது. மடகாஸ்கரிலிருந்து வரும் ஒரு டால்பெர்ஜியா இனம் ‘பெரிய இலை ஸிதான்’ என்ற பெயரில் நெடுநாள் விற்றது. ஆப்பிரிக்காவின் டெரோகார்பஸ் டிங்டோரியஸ் இன்னொன்று. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அது 2019-இல் சேர்க்கப்பட்டது. இரண்டுமே நல்ல மரங்கள்தான். அவற்றின் பெயரிலேயே விற்றால் யாருக்கும் சண்டையில்லை.

பலகை ஒன்று, வளைவு ஒன்று

முதுகுப் பலகையை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டில் பார்த்தால் அது நெளிந்திருக்கும். இடுப்புக்கு முன்னே வந்து, தோளுக்குப் பின்னே போய், மேலே மறுபடி கொஞ்சம் திரும்பும். இந்த வளைவை ஆவியில் வேகவைத்து வளைத்துக் கொண்டுவருவதில்லை. தடிமனான மரத்திலிருந்து ரம்பத்தால் அறுத்து எடுக்கிறார்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. பலகையின் தடிமன் 1.2 செ.மீ., வளைவின் ஆழம் 4.5 செ.மீ. என்று வையுங்கள். ஒரு பலகைக்கு 5.7 செ.மீ. தடிமனான கட்டை வேண்டும். மீதியெல்லாம் விறகு, அல்லது மணிமாலை செய்கிறவனுக்குப் போகும் துண்டு. வளைவின் ஆழத்தை 2 செ.மீ. ஆக்கிவிட்டால் 3.2 செ.மீ. கட்டை போதும். கிட்டத்தட்டப் பாதி மரம் மிச்சம். முன்னாலிருந்து எடுத்த படத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. உட்கார்ந்தால்தான் தெரியும், முதுகு சுவரில் சாய்ந்த மாதிரி இருக்கும்.

இதே கணக்கு தலைக்கட்டையிலும் நடக்கிறது. பின்னே புடைக்கும் வளைவு, நடுவில் தடித்து ஓரம் போகப்போக மெலியும் உருட்டு, கடைசியில் கீழே திரும்பும் முனை என்று மூன்று திசை அசைவும் ஒரே கட்டையில் இருக்கின்றன. அதற்கான கட்டை எல்லாப் பக்கமும் பெரிதாக இருந்தாக வேண்டும். பிறகு கைப்பிடி, முன்சட்டம். வெளியே சாயும் கால்களுக்குக்கூட, கால் நெடுக ஒரே தடிமன் இல்லை என்பதால், பெரிய கட்டையிலிருந்து இழைத்துத்தான் வர வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் என்று ‘சரி, பரவாயில்லை’ என விட்டுக்கொடுத்தால், கடைசியில் எல்லாப் பாகமும் சரியாக இருந்தும் நாற்காலி விறைத்து நிற்கும். குறை என்று விரல் வைத்துக் காட்ட ஓர் இடம்கூடக் கிடைக்காது.

பழைய தச்சர்கள் இந்தச் செலவைச் சமாளித்த வழி ஒன்று இருக்கிறது. நான்கு முதுகுப் பலகைகளை ஒரே கட்டையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வரைந்து அறுப்பது. மேலே சொன்ன அளவில் ரம்பம் தின்பதையும் சேர்த்துச் சுமார் 10 செ.மீ. கட்டையில் நான்கும் வந்துவிடும், ஒன்றுக்கு 2.5 செ.மீ.தான். நான்கிலும் மரத்தின் ரேகை ஒன்றுபோல ஓடும் என்பது இன்னொரு லாபம். நாற்காலிகளை நான்கு நான்காகச் செய்ததில் வீட்டு அலங்காரம் மட்டுமல்ல, மரக்கணக்கும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். சிக்கல் என்னவென்றால், பொந்தும் வெடிப்பும் இல்லாத 10 செ.மீ. தடிமன் செம்மரக் கட்டை இன்று எளிதில் கிடைக்காது. அசலைச் செய்தவரிடம் எவ்வளவு பெரிய மரம் இருந்தது என்பதை யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கணினி இயக்கும் வெட்டு இயந்திரங்கள் வந்த பிறகு கைவேலை செத்தது, அதனால்தான் வளைவு போனது என்று புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இயந்திரம் கொடுத்த கோட்டை வெட்டும். 4.5 கொடுத்தால் 4.5, 2 கொடுத்தால் 2. அந்த எண்ணை முடிவு செய்கிறவர் கணக்குப் பிள்ளை.

வரைபடங்களாலும் ஒரு தொல்லை. அச்சில் இருப்பவை முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம். உருட்டுச் சட்டம் ஒன்றின் குறுக்குவெட்டு அதன் நீளத்தில் எங்கெங்கே எப்படி மாறுகிறது என்று அவை சொல்வதில்லை. புத்தகத்தை மட்டும் பார்த்துச் செய்கிறவர் இரண்டு முனைக்கும் நடுவே ஒரே தடிமனில் உருட்டிவிடுவார். அசலைக் கையால் தடவிப் பார்த்தவருக்குத்தான் அது எங்கே இளைக்கிறது என்று தெரியும். பெய்ஜிங்கின் லு பான் குவான் பகுதித் தச்சர்களுக்கு இருந்த பலம் இதுதான். அவர்கள் பிழைப்பே பழைய சாமான்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பது. வாங் ஷிஷியாங் பாகங்களின் பெயர்களையும் இணைப்பு நுணுக்கங்களையும் கற்றது அவர்களிடம். 1862-இல் தொடங்கிய லோங்ஷுன்செங் என்ற பட்டறையோடு 1956-இல் இப்படிப்பட்ட பல சிறு பட்டறைகள் இணைக்கப்பட்டன. பெய்ஜிங் பாணிக் கடின மரவேலை 2008-இல் சீனாவின் தேசிய மரபுக் கலைப் பட்டியலில் சேர்ந்தது.

இன்னொரு வழக்கம், சுருக்கிச் செய்வது. அடுக்குமாடி வீட்டுக்கு 75.8 பெரிது என்று 65 ஆக்குகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் சட்டங்களின் குறுக்குப் பரப்பு 100-க்கு ஏறக்குறைய 74 ஆகிவிடும், நாற்காலி நோஞ்சானாகும். சட்டங்களை மட்டும் பழைய தடிமனில் விட்டால் கொழுத்துவிடும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதைத் தச்சரின் கண்தான் சொல்லும்.

நேர்கோணம் இல்லாத சட்டம்

விசிறி இருக்கையின் கஷ்டம் மூலைகளில். முன்பக்கமும் பின்பக்கமும் 14.8 செ.மீ. வித்தியாசம், அதாவது பக்கத்துக்கு 7.4. அதை 60.5 ஆழத்துக்குப் பரப்பினால் பக்கச் சட்டம் ஏறக்குறைய 7 டிகிரி சாய்கிறது. முன்மூலை 83 டிகிரி, பின்மூலை 97. வழக்கமான நாற்காலியில் மூலை இணைப்பை 45 டிகிரியில் வெட்டிப் போய்க்கொண்டே இருக்கலாம். இங்கே முன்மூலைக்கு 41.5, பின்மூலைக்கு 48.5. அதோடு முன்சட்டம் புடைத்திருப்பதால் முன்மூலைக் கணக்கு மறுபடியும் நகரும். மூலைமட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, முழு அளவு வரைபடத்தை ஒரு பலகையில் வரைந்து, ஒவ்வொரு கோணத்தையும் அதிலிருந்தே எடுக்க வேண்டும்.

சட்டத்தின் மூலைகளில் துளை போட்டு, கால்கள் அதன் வழியே மேலே போகின்றன. இந்த வகை நாற்காலிகளில் பின்கால்களும் முதுகுத் தூண்களும் ஒரே மரம்தான். இருக்கைக்குக் கீழே தடித்து, மேலே இளைத்து, அந்த இளைப்பின் தோளில் இருக்கைச் சட்டம் அமர்கிறது. கால் இரண்டு திசையிலும் சாய்கிறது என்பதால் துளையும் இரண்டு திசையில் சாய வேண்டும். ஒரு துளை ஒரு டிகிரி தப்பினால் இருக்கைக்கு அரை மீட்டருக்கு மேலே இருக்கும் தலைக்கட்டையில் அது கிட்டத்தட்ட 1 செ.மீ. பிசகாகக் கணக்குத் தீர்க்கும்.

அவசரக்காரர்கள் இங்கே என்ன செய்கிறார்கள்? காலை இருக்கைக்குக் கீழே ஒரு துண்டாகவும் மேலே ஒரு துண்டாகவும் வெட்டி, சட்டத்தில் தனித்தனியே செருகிப் பசை போட்டுவிடுகிறார்கள். நீளமான மரமும் மிச்சம், சாய்துளைத் தொல்லையும் இல்லை. வெளியே தெரியாது. நான்கைந்து வருஷம் ஆட்கள் பின்னே சாய்ந்து உட்கார்ந்த பிறகு முதுகு ஆட ஆரம்பிக்கும். வாங்கும்போது கண்டுபிடிக்க வழி இருக்கிறது: காலில் ஓடும் மர ரேகையைப் பின்தொடருங்கள். இருக்கைக்குக் கீழே இருக்கும் ரேகையும் நிறமும் மேலேயும் தொடர வேண்டும்.

தலைக்கட்டையின் முனை இன்னொரு பரீட்சை. கீழே திரும்பும் முனையில் ஒரு துளை, தூணின் தலையில் ஒரு நாக்கு. ஒன்றில் ஒன்று இறங்கும். புகைக்குழாயின் தலை போல இருப்பதால் சீனத் தச்சர்கள் அந்தப் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். தலைக்கட்டையில் ரேகை குறுக்கே படுத்திருக்கிறது. முனை கீழே திரும்பும் இடத்திலும் அது குறுக்காகவேதான் இருக்கும். அதனால் அந்தச் சிறு மூக்கில் பலம் குறைவு. நாக்கு ஒரு மயிரிழை பெருத்திருந்தாலும் தட்டும்போது மூக்கு பிளந்துவிடும், இளைத்திருந்தால் ஆடும். மீனின் காற்றுப்பையைக் காய்ச்சிய வஜ்ஜிரப் பசையைத்தான் பழைய காலத்தில் பூசினார்கள். சூடு காட்டினால் இளகும் என்பதால் பின்னாளில் பழுதுபார்க்கப் பிரிக்கலாம். இன்றைய ரசாயனப் பசை போட்டால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. நகலை நூறு வருஷம் கழித்து யார் பிரிக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். மிங் தச்சரும் அப்படி நினைத்திருந்தால் நமக்கு இன்று அளந்து பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

ஈரப்பதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றோடு சமநிலைக்கு வந்த மரத்தில் பெய்ஜிங்கில் ஏறக்குறைய 11 சதவீத ஈரம், குவாங்சோவில் 15. தெற்கே ஃபூஜியானின் ஷியான்யோ பகுதியில் பெரிய அளவில் நகல் சாமான்கள் செய்கிறார்கள். அங்கே செய்த நாற்காலி குளிர்காலத்தில் வெப்பமூட்டிய பெய்ஜிங் வீட்டுக்குப் போனால் சுருங்கும். பலகையைச் சட்டத்தின் காடியில் (நீளப் பள்ளத்தில்) பசையில்லாமல் மிதக்கவிட்டு, ஓரத்தில் இடைவெளியும் விட்டால் தப்பிக்கும். வாங்குகிறவர் அந்த இடைவெளியைப் பார்த்துக் குறை என்று சண்டை போடுவார் என்று பயந்து சிலர் இறுக்கமாகப் பொருத்திவிடுகிறார்கள். பிறகு வெடிக்கிறது, அல்லது மழைக்காலத்தில் பலகை உப்பி மூலை இணைப்பைப் பிளக்கிறது.

மெருகும் செதுக்கும்

வடக்கே மெழுகு, தெற்கே அரக்கு. சூஜோ பக்கம் மரத்திலிருந்து வடித்த அரக்குப்பாலைத் துணியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். பெய்ஜிங்கில் சூடான தேன்மெழுகைப் பூசி, கரி நெருப்பின் அனலைக் கிட்டே காட்டி மரத்துக்குள் இறங்கவிட்டு, மிச்சத்தைச் சுரண்டித் துணியால் தேய்ப்பது வழக்கம். கரி நெருப்புக்குப் பதில் இப்போது வெப்பக்காற்றுத் துப்பாக்கி. அதற்கு முன் பரப்பை வழவழப்பாக்க, நாணல் போன்ற ஒரு செடியின் சொரசொரப்பான தண்டை நீரில் ஊறவைத்துத் தேய்த்தார்கள்; இன்று உப்புத்தாள். செம்மரம் இயல்பிலேயே நெருக்கமானது, எண்ணெய்ப்பசை உள்ளது. நன்றாகத் தேய்த்தாலே கண்ணாடி மாதிரி மின்னும்.

மின்னுவதில்தான் நகல்கள் காட்டிக்கொடுக்கப்படுகின்றன. அசலின் பியோனிப் பூ மேலோட்டமான புடைப்பு, இதழ்கள் வட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும், விளிம்புகள் மழுங்கியவை. மிங் கால அரக்குச் செதுக்கல்களில் பார்க்கும் பூவுக்குச் சொந்தம். நகலில் பூவை ஆழமாக, கூர்மையாக வெட்டுகிறார்கள். வேலைப்பாடு தெரிய வேண்டுமாம். ஒரே ஓர் அலங்காரம் இருக்கும் நாற்காலியில் அது கத்த ஆரம்பித்தால் மீதியெல்லாம் காணாமல் போகும்.

பெய்ஜிங்கில் சென் லிஹுவா 1999-இல் திறந்த ஸிதான் அருங்காட்சியகம் வேறொரு பாதையைக் காட்டுகிறது. அரண்மனைச் சாமான்களையும் கட்டடங்களின் சிறு வடிவங்களையும் செம்மரத்திலேயே திரும்பச் செய்து காட்சிக்கு வைத்தவர் அவர். அந்தப் பொருட்களில் பெரும்பகுதி, மிங்குக்கு அடுத்து வந்த சிங் வம்சத்தின் அரண்மனைப் பாணி. செதுக்கு மேல் செதுக்கு. அப்படிப்பட்ட பொருளில் அடிக்கோட்டில் சின்னத் தவறு இருந்தாலும் கண் செதுக்கில் மாட்டிக்கொண்டு அதைக் கவனிக்காது. வெறும் உருட்டுச் சட்டங்களால் ஆன மிங் நாற்காலிக்கு அந்தச் சலுகை இல்லை. செதுக்கு நிறைந்த சிம்மாசனம்தான் கடினம் என்று பொதுவாக நினைப்பார்கள். நாள்கணக்கு, கூலிக்கணக்கு பார்த்தால் சரி. நகலாக வெற்றி பெறுவதில் நாற்காலிதான் கடினம்.

நகல் எங்கே மோசடியாகிறது

2015 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில், ராபர்ட் எல்ஸ்வொர்த் சேகரித்த நான்கு மிங் நாற்காலிகள் 96.85 லட்சம் டாலருக்குப் போயின. அவை வேறு மரம், வேறு வடிவம்: ஹைனான் தீவுக்குப் பேர்போன ஹுவாங்ஹுவாலி மரம், குதிரைலாட வடிவ முதுகு. ஆனால் அந்த விலை எல்லாப் பட்டறைக்கும் கேட்டது. நல்ல நகலுக்கும் பழையது என்று சொல்லி விற்பதற்கும் இடையே லாபம் எத்தனை மடங்கு என்று கணக்குப் போட யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழமை ஏற்றும் வித்தைகள் தெரிந்தவைதான். காலின் அடியை ஈரச் சேற்றில் ஊறவைத்து அழுகச் செய்வது, ரசாயனத்தால் நிறம் மாற்றுவது, கம்பித் தூரிகையால் மென்பாகத்தைத் தேய்த்து எடுப்பது. இவற்றைவிடக் கெட்டிக்காரத்தனமானது பழைய மரத்தையே பயன்படுத்துவது. ஓர் உடைந்த நாற்காலியைப் பிரித்து, பாதிப் பழைய பாகமும் பாதிப் புதுப் பாகமுமாக இரண்டு நாற்காலிகள் செய்வார்கள். எதைச் சோதித்தாலும் பாதி உண்மை வரும்.

பிடிபடுவது பெரும்பாலும் கண் போகாத இடங்களில். நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். கை ரம்பத்தின் கோடுகள் ஒழுங்கற்று, கோணம் மாறி மாறி ஓடும்; இயந்திர ரம்பத்தின் கோடுகள் சீராக ஓடும். உட்காருகிறவரின் கை படும் கைப்பிடி நுனி, கால் வைக்கும் முன்கீழ்ச்சட்டத்தின் மேற்புறம், இவை தேய்ந்திருக்க வேண்டும். முன்கீழ்ச்சட்டத்தின் அடிப்புறமும் அதே அளவு தேய்ந்திருந்தால் தேய்த்தது கால் இல்லை. பிரம்பு பின்னிய இருக்கையாக இருந்தால் சட்டத்தின் உள்விளிம்பில் சின்னத் துளைகள் வரிசையாக இருக்கும். பின்னாளில் பலகை அடித்திருந்தாலும் துளைகள் மறையாது. அடியில் அரக்கும் துணியும் சேர்த்துப் பூசிய பழைய பூச்சு பொருக்குப் பொருக்காக வெடித்திருக்கும். புதிதாகப் பூசி வெடிக்க வைத்தது பெரும்பாலும் ஒரே சீராக வெடித்திருக்கும்.

நேர்மையான பட்டறை தன் முத்திரையையும் செய்த வருஷத்தையும் இருக்கைச் சட்டத்தின் அடியில் பதிக்கலாம். இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. செய்யாதவர்களிடம் ஏன் என்று கேட்க வேண்டும்.

மரம் வரும் வழி

செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறு பகுதியில். பெரும்பகுதி ஆந்திராவின் கடப்பா, சித்தூர், நெல்லூர் பக்கத்து மலைகள். சேஷாசலம் அதில் முக்கியமானது. 1995 முதல் சைட்ஸ் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பறிமுதல் செய்த கட்டைகளை ஆந்திர அரசு 2014 முதல் இணைய ஏலத்தில் விற்றது, வாங்க வந்தவர்களில் சீன வணிகர்கள் முக்கியமானவர்கள். ஜப்பானில் ஷாமிசென் வாத்தியத்தின் கழுத்துக்கும் இதே மரத்தைக் கேட்கிறார்கள் என்றாலும், சீனாவின் பசிக்கு முன்னால் அது ஒரு கவளம்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை தமிழகத்தைச் சேர்ந்த 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்களே அதிகம். வெட்டப் போகிறவனுக்குக் கிடைப்பது கூலி. விலை ஏறுவதெல்லாம் மரம் மலையிறங்கிய பிறகு. நகல் மரச்சாமான் பற்றிப் பேசும்போது மரம் எங்கிருந்து வந்தது என்பதைத் தனி அத்தியாயமாக ஒதுக்கி வைக்க முடியாது. வளைவைத் தட்டையாக்கிய அதே விலைதான் இவர்களையும் காட்டுக்குள் அனுப்பியது.

அப்படியானால் இந்த நாற்காலியை எதில் செய்வது? ஜியாங்நான் பகுதியில், அதாவது சூஜோவைச் சுற்றிய நாட்டில், மிங் வடிவங்களை உள்ளூர் ஜூ மரத்திலும் செய்தார்கள். எல்ம் மரத்துக்கு உறவான மரம். ரேகை மலைமலையாக அடுக்கி வரும், வலுவும் போதும், விலை செம்மரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. இதே இணைப்புகள், இதே நெளிந்த முதுகுப் பலகைகள் கொண்ட பழைய ஜூ மர நாற்காலிகள் அருங்காட்சியகங்களிலும் தனியார் தொகுப்புகளிலும் இருக்கின்றன. 10 செ.மீ. கட்டை கேட்டால் தச்சர் முகம் சுளிக்காமல் எடுத்துப் போடுவார். பாதி மரம் சீவலாகப் போனாலும் யாரும் எடை போட மாட்டார்கள்.

கறுத்த பளபளப்பு வராது, ‘இது ஸிதானா’ என்று கேட்டு வரும் விருந்தாளியும் ஏமாந்துதான் போவார். ஆனால் 75.8 அகலம், 7 டிகிரி விரிப்பு, முழு ஆழத்தில் நெளியும் முதுகு மூன்றும் ஒருசேர வேண்டுமென்றால் இன்று கைக்கு எட்டும் வழி அதுதான். பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் மாறுகிறது. என்ன மரம் என்பதை அப்புறம் கேட்கலாம். முதுகுப் பலகையை எத்தனை சென்டிமீட்டர் கட்டையிலிருந்து அறுக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.